நையாண்டி நீக்கப்பட்ட கேள்வி

பேரவை விதிகளைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பழவேற்காட்டில் நான் ஒருவன்தான். சென்னையில் நடைபாதைக் கடையொன்றில் நாவல் தேடிக்கொண்டிருந்தபோது அட்டை கிழிந்த அந்த விதிப் புத்தகம் கைக்கு வந்தது. பேருந்தில் அதைப் பிரித்தவன், பொன்னேரியில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்பதை மறந்து டிப்போ வரைக்கும் போய்விட்டேன். கொலை எதுவும் நடக்காத துப்பறியும் கதை அது. பேரவைத் தலைவர் எழுந்தால் யாரெல்லாம் உட்கார வேண்டும், ஒரு மசோதாவை எந்தக் கட்டத்தில் எப்படி மடக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் பரபரப்பு. வீட்டில் வாக்குவாதம் வந்தால்கூட நான் "ஒழுங்குப் பிரச்சினை" என்று எழுந்து நிற்பதாக என் மனைவி தன் அண்ணனிடம் முறையிட்டிருக்கிறாள். உண்மைதான். ஒரு தடவைகூட அவள் அதை அனுமதித்ததில்லை.

வார இதழ்களுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் தொழில். ஊரில் யாரும் அதைத் தொழில் என்று ஒப்புக்கொள்வதில்லை. சாரு இன்னா பண்றாரு என்று யாராவது கேட்டால், வூட்லதான் கீறாரு என்று பதில் சொல்வார்கள். பதினைந்து புத்தகம் போட்டிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். நான் போட்டது இரண்டு.

எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவருகிற அக்கா, ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவுக்காரர். அவருக்கு வலை கிடையாது, படகும் கிடையாது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குந்தி, தலை மட்டும் வெளியே தெரிய நகர்ந்து நகர்ந்து, அடிச் சேற்றில் இரண்டு கையாலும் துழாவிப் பிடிப்பார். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிறு பல்லுக்கு நடுவே இருக்கும். வேலை நேரம் முழுக்க வாயைத் திறக்க முடியாது என்பதால், கரையேறியதும் அன்றைய பேச்சு மொத்தத்தையும் என் வாசலில்தான் இறக்குவார்.

ஒரு நாள் அவர் பேசவில்லை. இறாலை அளந்து கொட்டிவிட்டு நின்றார். கேட்டால், பதிவுக்குப் போய்விட்டு வந்த கதை வந்தது. மீனவர் என்று பதிந்துகொண்டால் மழைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு; தண்ணீரில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு உதவி உண்டு. பதிகிற இடத்தில் வலையையோ படகையோ காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவர் கையைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம். முந்தைய மழையில் இவருடைய சின்னம்மா மகள் ஏரியோடு போய்விட்டாள். அவளும் கையால் பிடிக்கிறவள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் வரவில்லை. இவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நான் மீன்காரி இல்லன்னா வேற இன்னா சார்? அதயாவது சொல்லச் சொல்லுங்க" என்றார்.

விதிப் புத்தகம் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இது கேள்வி. அதுவும் பேரவையில் கேட்க வேண்டிய கேள்வி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். பெரிய விஷயம் எதுவானாலும் எங்கள் ஊரில் முதல் வாசிப்பு அங்கேதான்.

டீக்கடையில் கோட்டைக்குப்பத்து அண்ணன் இருந்தார். அவர் ஏரியில் பாடு வைத்திருக்கிறவர். பாடு என்றால் வலை போடுவதற்கான முறை. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். வீட்டில் விசேஷம் என்றால் தன் முறையை இன்னொருவருக்குக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளலாம். கையால் பிடிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கிலேயே இடமில்லை. அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தம்மாவுக்கு ஒரு பழைய வலையைத் தூக்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும், அதைக் காட்டிவிட்டு வரட்டும் என்றார். அது பொய்ச்சாட்சி என்றேன். அப்படியானால் சட்டத்தையே மாற்றிவிட வேண்டியதுதானே என்றார்.

மூன்று வாசிப்பை நான் அவருக்கு விளக்கிய அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. முதலில் மசோதாவை அறிமுகம் செய்வார்கள். அப்போது சண்டை வராது. இரண்டாவதில் ஒவ்வொரு பிரிவாக எடுத்து, திருத்தம் இருந்தால் அதையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வாக்கு கேட்பார்கள். மூன்றாவதில் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு தடவை. அப்புறம் ஆளுநர் கையெழுத்து. வாக்கை எப்படி எடுப்பார்கள் என்று அண்ணன் கேட்டார். ஆம் என்பவர்கள் ஆம் என்று சொல்வார்கள், இல்லை என்பவர்கள் இல்லை என்று சொல்வார்கள், எந்தக் குரல் ஓங்கியது என்று பேரவைத் தலைவர் சொல்வார், யாராவது ஒப்புக்கொள்ளாவிட்டால்தான் தலையை எண்ணுவார்கள் என்றேன்.

"கொரலை வெச்சா முடிவு பண்றாங்க? அப்ப எங்க குப்பத்துலேர்ந்து நாலு பேர் போதுமே" என்றார். அலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற படகைக் கரையிலிருந்து கூப்பிடுகிற தொண்டை அவர்களுடையது. அந்த நாலு பேரில் ஒருவரைத் தேர்தலில் நிறுத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஆனால் இதற்குச் சட்டம் தேவையில்லை. பதிவில் யாரைச் சேர்ப்பது என்பது துறை முடிவு செய்கிற விஷயம். அமைச்சரை எழுந்து நிற்க வைத்து, அவர் வாயிலிருந்து ஒரு வாக்குறுதி வாங்கினால் போதும். அதற்கு வழி கேள்வி நேரம்.

எங்கள் உறுப்பினர் முதல் தடவை ஜெயித்தவர். நாங்கள் போனபோது உடனே ஒப்புக்கொண்டார். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் எழுத்து வாழ்க்கையின் உச்சம் அது. மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினேன். "மனிதக் கைகள் மீன்பிடி சாதனம் அல்ல என்று துறை கருதுமானால், அவை எந்தத் துறையின் கீழ் வருகின்றன என்பதையும், இறால்கள் தாமாகவே பறிக்குள் வந்து அமர்கின்றனவா என்பதையும் அமைச்சர் விளக்குவாரா?" என்று முடித்திருந்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை சிரித்தேன்.

உறுப்பினர் சிரிக்கவில்லை. பேரவை அலுவலகத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு விதியைக் காட்டினாராம். கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, நையாண்டி இருக்கவே கூடாது. நான் ரசித்து அடிக்கோடு போட்டிருந்த அதே விதி. அடிக்கோடு போட்டவன் அது தனக்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை. கடைசியில் என் எழுத்தில் மிஞ்சியது ஒரே வாக்கியம்: வலையோ படகோ இன்றிக் கையால் இறால், நண்டு பிடித்து வாழ்வோரையும் மீனவராகப் பதிவு செய்ய அரசு முன்வருமா? நான் வெளியிட்ட எதையும்விட அது நன்றாக இருந்தது என்பதுதான் வருத்தம்.

ஆம் எனில் எப்போது என்று இரண்டாவது பகுதி ஒன்றை அலுவலகமே சேர்த்துக்கொண்டு கேள்வியை ஏற்றது. நட்சத்திரக் குறியும் விழுந்தது. அந்தக் குறி இருந்தால்தான் அமைச்சர் அவையில் நின்று வாயால் பதில் சொல்வார். அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். வாக்குறுதி பிடுங்க முடிவது அந்தத் துணைக் கேள்வியில்தான். விஷயத்தை விட்டு விலகினால் மட்டும், அது தனிக் கேள்வி, முன்னாடியே நோட்டீஸ் கொடுங்கள் என்று அமைச்சர் நழுவிவிடுவார் என்று அண்ணனுக்கும் சொல்லி வைத்தேன். தெருவில் பட்டாசு வெடிக்காத குறை. அக்கா எல்லோரிடமும், நம்ம கேள்விக்கு ஸ்டார் குடுத்துக்கீறாங்கோ என்று சொல்லிக்கொண்டு போனார். ஹோட்டலுக்குக் கொடுப்பார்களே, அந்த மரியாதை அவர் குரலில் இருந்தது.

ஆனால் பட்டியலில் நாங்கள் ஆறாவது. கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். அதற்குள் முறை வராவிட்டால் எழுதிய பதிலை அவையின் மேசையில் வைத்துவிடுவார்கள். மேசையில் வைத்த பதிலின்மேல் துணைக் கேள்வி கேட்க முடியாது. அது எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டார். கையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களே, அதே மாதிரிதான் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

வரிசையை எப்படிப் போடுகிறார்கள், சீட்டுக் குலுக்கியா என்று அண்ணன் விசாரித்தார். சில அவைகளில் குலுக்கல், சில அவைகளில் அலுவலகமே போடுகிற வரிசை என்றேன். மூன்றாவது முறை யாருக்கு என்று கேட்டார். தென்பக்கத்து உறுப்பினர் ஒருவர், ஊருக்கு ஒரு பாலம் கேட்கிறார் என்றேன். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் தலையாட்டினால் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நாள் வந்தது. இருட்டோடு வேன் கிளம்பியது. உள்ளே தோணிரேவுப் பெண்கள், கோட்டைக்குப்பத்திலிருந்து அண்ணன், வழிகாட்டி என்ற பெயரில் நான். பார்வையாளர் மாடத்தின் விதிகளை வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, கம்பியில் சாயக் கூடாது. தும்மலாமா என்று ஒரு பெண் கேட்டார். விதியில் இல்லை என்றேன்.

மீஞ்சூர் தாண்டியதும் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

"நேத்து நான் அந்த மூணாவது நம்பரைப் பாத்துட்டு வந்துட்டேன் சாரு."

"யாரை?"

"அதான், பாலம் கேக்குறவரை. எம்மெல்லே ஆஸ்டல்ல. ஒரு கூடை நண்டு எடுத்துக்கினு போனேன். எங்க ஆறாவதை நீங்க எடுத்துக்குங்க, உங்க மூணாவதை எங்களுக்குக் குடுங்க, அடுத்த தபா நாங்க திருப்பிடுறோம்னேன்."

 உறுப்பினரிடம் கூடை நண்டோடு போய் முறையை மாற்றச் சொல்வது எந்தெந்த விதியில் வரும் என்று மனம் பக்கம் புரட்டியது. உரிமை மீறல் குழு முன்னால் அண்ணன் நிற்கிறார், பக்கத்தில் சாட்சியாக நான், மேசைமேல் நண்டு. ஏரியில் மாற்றிக்கொள்கிற மாதிரி அவையில் மாற்றிக்கொள்ள முடியாது, கேட்டவரே தன் கேள்வியைக் கேட்க வேண்டும், வரிசை வரிசைதான் என்று வேன் முழுக்கக் கேட்கும்படி வகுப்பெடுத்தேன். பாலத்துக்காரர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார்.

"சிரிச்சாரு. நண்டை வாங்கமாட்டேன்னுட்டாரு. ஆனா உக்காரச் சொல்லி, அவங்க எப்படிப் பிடிக்கிறாங்க, கவுறு எங்க கடிக்கிறாங்க, எல்லாம் கேட்டுக்கினாரு. டீ வாங்கிக் குடுத்தாரு."

நண்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். விடுதி கேன்டீனில் விலைக்குப் போட்டுவிட்டாராம்.

கோட்டைக்குள் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கீழே அவை நிறைந்தது. பேரவைத் தலைவர் நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மணி அடித்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்த்திருக்கிறேன், என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்திருக்கிறேன். அந்த இரண்டிலும்கூட நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

முதல் கேள்வி சீக்கிரம் முடிந்தது. இரண்டாவது, ஓர் ஊரின் பேருந்து நிலையம். பேருந்து நிலையம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தன் ஊர் நினைவுக்கு வந்துவிடும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவர் உட்கார இருவர் எழுந்தார்கள். எதிரே சுவரில் கடிகாரம் பாதியைத் தாண்டிவிட்டது. அக்கா என் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிடி இறாலைப் பிடிக்கிற பிடி.

மூன்றாவது கேள்வி அழைக்கப்பட்டது. பாலத்துக்காரர் எழுந்தார். அமைச்சர் பதில் சொன்னார். உறுப்பினர் ஒரு துணைக் கேள்வி கேட்டார், அதற்கும் பதில் வந்தது. இரண்டாவது துணைக் கேள்வி உண்டா என்று பேரவைத் தலைவர் கேட்டார்.

"போதும், மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. பின்னால் இருக்கிற கேள்விகளுக்கு நேரம் போகட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவையில் அபூர்வமாக நடப்பது இது. பேரவைத் தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மற்றவர்களும் இப்படிச் சுருக்கமாக இருந்தால் நல்லது என்றார். எழுந்திருக்கப் பார்த்த நாலைந்து பேர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கீழே பார்த்துக்கொண்டு, முட்டியால் என் முட்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

நான்காவது உறுப்பினர் வரவில்லை. ஐந்தாவது இரண்டே நிமிடம். ஆறு.

எங்கள் உறுப்பினர் எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னார். அமைச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கேள்வியின் முதல் பகுதிக்கு, இல்லை. இரண்டாவது பகுதிக்கு, வினா எழவில்லை. அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் சொன்னாரு?" என்று அக்கா காதோடு கேட்டார்.

"இல்லைன்னார்."

"முடிஞ்சிப்போச்சா?"

இனிமேல்தான் என்றேன். அதை நான் தைரியமாகச் சொன்னதாக அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் உறுப்பினர் துணைக் கேள்விக்கு எழுந்தார். அதற்கும் நான் ஒரு தாள் கொடுத்திருந்தேன். அதை அவர் கையில் எடுத்தார், பார்த்தார், மேசைமேல் வைத்துவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னார். எங்கள் ஊரில் பெண்கள் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அவர்கள் பிடிப்பதைத்தான் நீங்களும் நானும் சாப்பிடுகிறோம். போன மழையில் ஒருவர் இறந்துபோனார், பதிவில் அவர் மீனவரே இல்லை. துறையிலிருந்து யாராவது நேரில் வந்து பார்ப்பார்களா? அவர்கள் இதோ மேலேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாடத்தில் இருப்பவர்களைக் குறிப்பிட்டுப் பேசக் கூடாது என்று பேரவைத் தலைவர் உடனே சொன்னார். அதற்குள் அவையே தலையைத் தூக்கி மேலே பார்த்துவிட்டது. இத்தனை பெரிய மனிதர்கள் தன்னைப் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. எழுந்து நின்று கும்பிட்டார். பின்னாலேயே தோணிரேவு மொத்தமும் எழுந்து கும்பிட்டது. வெள்ளைச் சீருடைக் காவலர் ஓடிவந்தார். நான் ஒருவன்தான் விதிப்படி உட்கார்ந்திருந்தேன். அதற்காக இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார்கள்.

அமைச்சர் எழுந்தார். இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை. கையால் பிடிப்பவர்களை அதிகாரிகள் ஏரிக்கரையிலேயே வந்து நேரில் பார்த்து, தகுதியானவர்களைப் பதிவு செய்ய நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். எங்கள் உறுப்பினர் நன்றி என்று சொல்லி முடிப்பதற்குள் கேள்வி நேரம் முடிந்தது.

வெளியே வந்ததும் நான் குதித்தேன். எழுத்தில் இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. இந்த வயதில், இந்த இடுப்போடு, கோட்டை வாசலில் குதித்தேன். அமைச்சர் அவையில் சொன்னது வாக்குறுதி. அதைத் துரத்துவதற்கென்றே பேரவையில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. இன்ன அமைச்சர் இன்னது செய்வதாகச் சொன்னார், செய்தாரா என்று துறையை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தக் குழு நம்ம ஊர்ச் சொசைட்டி மாதிரி கூட்டம் போட்டு டீ குடித்துவிட்டுப் போகாதே என்று கேட்டார். போகலாம் என்றேன். ஆனால் போனால் எங்கள் உறுப்பினர் எழுந்து நிற்பார் என்றேன்.

எழுந்து நிற்க வேண்டியிருந்தது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அதிகாரி ஒருவர் தோணிரேவுக்கு வந்தார். இளைஞர், நல்ல மனிதர். பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு கரையில் நின்றார். பெண்கள் தண்ணீரில் இறங்கிப் பிடித்துக் காட்டினார்கள். அக்கா பறியைக் கொண்டுவந்து அவர் காலடியில் கவிழ்த்தார். இறால் துள்ளியது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

பார்த்ததெல்லாம் சரி, ஆனால் இவர்கள் காலங்காலமாக இதையே செய்துவருகிறவர்கள் என்று ஏரியில் தொழில் செய்கிற வேறு யாராவது சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. வேடிக்கை பார்க்க வந்திருந்த கோட்டைக்குப்பத்து அண்ணனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் லுங்கியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"எழுதிக்கங்க சார். எங்க வலை கட்டுற எடத்துல வந்து கலக்கறாங்கன்னு எங்க நைனா காலத்துலேர்ந்து இவங்களத் திட்டிக்கினு கீறோம். இவங்க மீன்காரங்க இல்லன்னா நாங்க இத்தினி வருசம் யாரத் திட்டினோம்?"

அதிகாரி பேனாவை எடுத்தார். மெதுவாகச் சொல்லச் சொன்னார். அண்ணன் மறுபடி சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் கம்பீரமாக. தோணிரேவில் கையால் பிடிக்கிற அத்தனை பேருடைய பெயரும் அன்றைக்கே ஏறியது. முதல் பெயர் அக்காவுடையது.

"அப்ப இனிமே திட்டக் கூடாது அண்ணே. நாங்களும் இப்ப மீன்காரங்க" என்றார் அக்கா.

"அது தனிக் கேள்வி" என்றார் அண்ணன். "முன்னாடியே நோட்டீஸ் குடுத்துட்டு வா. பதில் சொல்றேன்."